நடுவானில் பின்னிக்கொண்ட இரண்டு பாராசூட்கள்... வேண்டுமென்றே இதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள்! கேனோபி ஃபார்மேஷன் என்றால் என்ன?

2025 ஜனவரி முதல் வாரம். விசாகப்பட்டினம் கடற்கரையில் கடற்படையின் சாகச நிகழ்ச்சிக்கான ஒத்திகை. வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு வீரர்களின் பாராசூட்கள் ஒன்றோடு ஒன்று சிக்கின. துணியும் கயிறும் பின்னிக்கொள்ள, இருவரும் சுழன்றபடியே கரைக்கு அருகில் கடலில் விழுந்தனர். கடற்படைப் படகு விரைந்து சென்று இருவரையும் மீட்டது. பெரிய காயம் இல்லை. அந்த வீடியோவைப் பலரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள்.

பார்த்தவர்கள் எல்லாருக்கும் வந்த கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பெரிய வானத்தில் ரெண்டு பேர் எப்படி இடித்துக்கொள்ள முடியும்?

இதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. ஒருவரின் பாராசூட்டை இன்னொருவர் காலால் பிடித்து, அதன் கீழ் மூன்றாமவர் வந்து சேர்ந்து, வானத்திலேயே ஒரு கோபுரம் கட்டுவதை விளையாட்டாகவே செய்கிறார்கள். அதற்கு உலகப் போட்டிகள்கூட நடக்கின்றன. அதன் பெயர்தான் கேனோபி ஃபார்மேஷன். விசாகப்பட்டினத்தில் தவறுதலாக நடந்ததற்கும், இவர்கள் தெரிந்தே செய்வதற்கும் என்ன வித்தியாசம்? முதுகில் இருக்கும் பையைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சிவகாசி பாராசூட் சொல்லும் பாடம்

தீபாவளி இரவில் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத் தெருக்களில் சின்னப் பசங்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடுவதைப் பார்க்கலாம். ஃபேன்சி ரகத்தில் வரும் ‘பாராசூட்’ வெடிதான் காரணம். குழாயில் திரி பற்றியதும் ஒரு உருளை மேலே போகும். உச்சியில் சின்னதாக ஒரு வெடி. உள்ளே மடித்து வைத்த குட்டிப் பாராசூட் விரிந்து மெதுவாக இறங்கும். அது யார் வீட்டு மொட்டை மாடியில் விழுகிறது என்பதில்தான் போட்டியே.

அந்தக் குட்டிக் குடை விரிய மூன்று விஷயம் சரியாக நடக்க வேண்டும். வெடிமருந்தின் சூடு துணியைத் தொடக்கூடாது, அதனால் நடுவில் தடுப்பு வேண்டும். மடிப்பு சரியாக இருக்க வேண்டும். நூல் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொள்ளக் கூடாது. மூன்றில் ஒன்று தப்பினாலும் பாராசூட் ‘பொத்’தென்று கல் மாதிரி விழும். பட்டாசு என்றால் போகட்டும் என்று அடுத்ததைக் கொளுத்தலாம்.

கடலில் போகும் கப்பல்களிலும் இதே தத்துவத்தில் ஒரு உயிர்காக்கும் கருவி இருக்கிறது. ஆபத்தில் சிக்கினால் மேலே விடும் சிவப்பு ஒளி ராக்கெட். சர்வதேச விதிப்படி அது குறைந்தது 300 மீட்டர் உயரம் போக வேண்டும், குறைந்தது 40 விநாடி எரிய வேண்டும், அதில் இருக்கும் பாராசூட் விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 விநாடியில் 200 மீட்டர். அதாவது தண்ணீரைத் தொடும் முன்பே, உயரத்தில் இருக்கும்போதே எரிந்து முடிந்துவிடும். தொலைவில் இருக்கும் இன்னொரு கப்பலின் கண்ணில் படுவதற்கான நேரத்தைத்தான் அந்தத் துணி வாங்கித் தருகிறது.

விமானத்திலிருந்து குதிக்கும் மனிதனுக்கும் இதே கணக்குதான். பாராசூட் விரியாமல் விழும்போது வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல். விரிந்த பிறகு இறங்கும் வேகம் விநாடிக்கு சுமார் 5 மீட்டர்தான்.

முதுகுப் பையில் என்ன இருக்கிறது?

ஸ்கைடைவரின் முதுகில் இருப்பது ஒரு பாராசூட் அல்ல, இரண்டு. கீழ்ப்பகுதியில் மெயின், மேல்பகுதியில் ரிசர்வ். மெயினை அநேகமாகக் குதிப்பவரே மடிப்பார். ரிசர்வை மடிக்க ரிக்கர் என்று உரிமம் பெற்ற தனி ஆள் வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை, பயன்படுத்தாவிட்டாலும்கூட, ரிசர்வைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாக வேண்டும் என்பது சட்டம்.

துணி முழுக்க நைலான். இங்கே ஒரு முரண். சிவகாசி பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் தொழிலாளர்கள் பருத்தி உடைதான் போட வேண்டும். நைலான், பாலியஸ்டர் உரசினால் நிலை மின்சாரம் உண்டாகும், ஒரு பொறி போதும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. தரையில் ஆபத்தான அதே நைலான்தான் பத்தாயிரம் அடி உயரத்தில் ஆளைத் தாங்குகிறது. லேசானது, உறுதியானது, காற்றைக் கசியவிடாதது.

பாராசூட் என்றதும் பழைய சினிமாவில் வரும் வட்டக் குடைதான் நமக்கு ஞாபகம் வரும். இப்போது ஸ்கைடைவர்கள் பயன்படுத்துவது செவ்வக வடிவம். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பல அறைகள். முன்பக்கம் திறந்திருக்கும், பின்பக்கம் தைத்திருக்கும். காற்று உள்ளே புகுந்து வெளியேற முடியாமல் நிற்கும்போது துணி உப்பி, விமான இறக்கை மாதிரி ஆகிவிடும். 1960களில் டொமினா ஜால்பெர்ட் என்பவர் உருவாக்கிய வடிவமைப்பு இது. இது வந்த பிறகு பாராசூட் என்பது விழும் பொருள் இல்லை, பறக்கும் பொருள். இடது கைப்பிடியை இழுத்தால் இடது பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலது. முன்னோக்கி ஓடும். இன்னொருத்தரைத் துரத்திப் பிடிக்கவும் முடியும்.

கேனோபி ஃபார்மேஷன் பிறந்ததே இந்த வசதியால்தான். வட்டக் குடையில் இவ்வளவு துல்லியமாக ஓட்ட வழியே இல்லை.

அடுத்து, ‘ஸ்லைடர்’ என்ற ஒரு துண்டுத் துணி. பார்க்க ஒரு பெரிய கைக்குட்டை அளவுதான். நான்கு மூலையிலும் வளையம், அவற்றின் வழியாகக் கயிறுகள். பாராசூட் பையிலிருந்து வெளியே வந்ததும் ஸ்லைடர் மேலே துணிக்கு அருகில் இருந்து, ‘பொறுமையா, பொறுமையா’ என்று தடுத்துக்கொண்டே கீழே இறங்கும். அதற்கு 3 முதல் 5 விநாடி ஆகும். அது இல்லாமல் 190 கிலோமீட்டர் வேகத்தில் துணி ஒரே அடியாக விரிந்தால், பாராசூட் கிழியும் அல்லது ஆளின் உடம்பு தாங்காது. ‘டக்’கென்று விரிவதுதான் நல்ல பாராசூட் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெயின் சரியாக விரியாவிட்டால்? அதைக் கழற்றி எறிந்துவிட்டு ரிசர்வை விரிக்க வேண்டும். வலது மார்புப் பக்கம் இருக்கும் பிடியை இழுத்தால் மெயின் கழன்று போகும். இடது பக்கப் பிடியை இழுத்தால் ரிசர்வ் வரும். ஒரு மனிதனின் மொத்த எடையும் தொங்கும் இணைப்பை ஒரு கை இழுப்பில் எப்படிக் கழற்றுவது? தோள்பட்டையில் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று வளையங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்திருக்கும். ஒவ்வொரு வளையத்தைத் தாண்டும்போதும் பாரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் தாங்கும். அதை உருவினால் போதும், எல்லாம் அவிழும். 1970களில் அமெரிக்கரான பில் பூத் கண்டுபிடித்தது. இந்த விளையாட்டில் அதிக உயிரைக் காப்பாற்றிய பொருட்களில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

மயங்கிவிட்டாலோ, பயத்தில் கை ஓடாவிட்டாலோ என்ன ஆகும் என்ற கேள்விக்கும் ஒரு கருவி இருக்கிறது. உயரத்தையும் வேகத்தையும் அளந்துகொண்டே வரும் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. 1991-ல் ஜெர்மனியில் வந்த ‘சைப்ரஸ்’ இதில் புகழ்பெற்றது. தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் ஆள் இன்னும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடி வைத்திருக்கும் கண்ணியைத் தானாகவே அறுத்துவிடும்.

வானத்தில் சரம் கோர்ப்பது

சாதாரண ஸ்கைடைவர் 13,000 அடியில் குதித்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் விழுந்த பிறகுதான் பாராசூட்டை விரிப்பார். கேனோபி ஃபார்மேஷன் ஆட்கள் விமானத்தை விட்டு வெளியே வந்த சில விநாடிகளிலேயே விரித்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீழே விழுவதில் ஆர்வமில்லை. மேலே இருக்கும்போதே ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்தக் கோபுரம் கீழிருந்து மேலே எழும்பாது. முதல் ஆள்தான் உச்சி. அவர் அலுங்காமல் ஒரே திசையில் ஓட்டிக்கொண்டிருப்பார். இரண்டாவது ஆள் பின்னாலிருந்து வந்து, தன் பாராசூட்டின் முன்விளிம்பின் நடுப்பகுதியை முதல் ஆளின் உடம்பருகே கொண்டுபோய் நிறுத்துவார். மேலே இருப்பவர் அதைக் கையால் பிடித்து, நடுக் கயிறுகளுக்குள் காலை நுழைத்துக்கொள்வார். இப்போது இரண்டு பேரும் ஒரே ஊர்தி. அடுத்தவர் இரண்டாமவருக்குக் கீழே வருவார். மேலிருந்து கீழாகச் சரவெடி கோர்ப்பது மாதிரி நீண்டுகொண்டே போகும். சிலர் பக்கவாட்டிலும் சேர, வைர வடிவம் உருவாகும்.

எத்தனை பேர் வரை முடியும்? 2007 நவம்பர் 21-ம் தேதி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் லேக் வேல்ஸ் என்ற ஊருக்கு மேலே 100 பேர் இப்படிச் சேர்ந்து ஒரு பெரிய வைரத்தை உருவாக்கினார்கள். 100 பாராசூட், ஒரே உருவம்.

போட்டிகளில் இவ்வளவு கூட்டம் கிடையாது. இரண்டு பேர், நான்கு பேர் குழுக்கள்தான். நான்கு பேர் ‘ரொட்டேஷன்’ என்று ஒரு பிரிவு. அடுக்கின் உச்சியில் இருப்பவர் பிரிந்து, சுற்றி வந்து, கடைசியில் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்த உச்சி ஆள். 90 விநாடிக்குள் எத்தனை முறை மாறுகிறார்கள் என்பதே மதிப்பெண். பார்க்க ரொம்ப எளிதாகத் தெரியும். ஆனால் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பைக் ஓட்டியவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். ஒவ்வொரு பாராசூட்டுக்கும் பின்னால் காற்று கலங்கிக் கிடக்கும். அதற்குள் நுழைந்தால் உப்பியிருந்த துணி சட்டென்று சுருங்கும். அதனால் எந்தப் பக்கமிருந்து, எந்த வேகத்தில், எந்த உயரத்தில் நெருங்க வேண்டும் என்பதெல்லாம் தரையிலேயே பேசி, நடந்து பார்த்து, மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஒரு வசதி உண்டு. 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது காது கிழியும் இரைச்சல், பேச்சே கேட்காது. பாராசூட் விரிந்த பிறகு அமைதி. பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகப் பேசினால் நன்றாகவே கேட்கும். இந்த விளையாட்டில் உயிர் காப்பதில் பெரும்பங்கு அந்தப் பேச்சுக்குத்தான்.

இவர்களின் பாராசூட் ஏன் வேறு மாதிரி?

சாதாரண ஸ்கைடைவரின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இதில் சேர முடியாது. காரணம் நேரடியானது. மற்ற எல்லா ஸ்கைடைவிங்கிலும் இன்னொருவரின் துணி மேலே படுவதே அவசரநிலை. இங்கே அதுதான் ஆட்டமே.

முதலில் கயிறு. வேகத்துக்காகச் சிலர் பயன்படுத்தும் கயிறுகள் மெல்லிசாக, காற்றாடி மாஞ்சா மாதிரி இருக்கும். அது காலில் உரசினால் சதையை அறுக்கும். இவர்கள் தடிமனான டேக்ரான் கயிறு போட்டுக்கொள்கிறார்கள். காலால் பிடிக்க வேண்டிய நடுக் கயிறுகளுக்குத் தனி நிறம். கால் முழுக்க மூடும் உடை, கையுறை கட்டாயம் மாதிரிதான்.

பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிக் குடைக்கு பைலட் சூட் என்று பெயர். வேலை முடிந்த பிறகும் அது துணியின் மேலே வால் மாதிரி ஆடிக்கொண்டே வரும். தனியாகப் பறப்பவருக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்தில் நான்கு பேர் இருந்தால் யாருடைய கழுத்திலாவது மாட்டும். அதனால் தானாகவே உள்ளிழுத்துக்கொள்ளும் வகை இங்கே பயன்படுகிறது. துணியும் உறுதியானது, பெரும்பாலும் ஏழு அறை கொண்டது, கலங்கிய காற்றில் சுருங்கினாலும் உடனே உப்பிக்கொள்ளும் குணம் கொண்டது. குழுவில் எல்லாருடைய பாராசூட்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்க வேண்டும் என்பதால், அவரவர் எடைக்கு ஏற்ப அளவு தேர்ந்தெடுப்பார்கள்.

கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கொக்கிக் கத்தி இருக்கும். கறிவேப்பிலை நறுக்கும் அளவு சின்னது. கயிறு கையிலோ கழுத்திலோ சுற்றிக்கொண்டால் அறுப்பதற்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். மெயினைக் கழற்றியதும் ரிசர்வைத் தானாக விரியவைக்கும் ஒரு இணைப்புப் பட்டை சாதாரண ஸ்கைடைவர்களிடம் இருக்கும். புதியவர்களுக்கு அது வரப்பிரசாதம். கேனோபி ஃபார்மேஷனில் அதைக் கழற்றி வைத்துவிடச் சொல்கிறார்கள். ஏன்? சிக்கலிலிருந்து விடுபட்ட அதே நொடியில் ரிசர்வ் வெடித்துக் கிளம்பினால், அது நேராக மேலே இருக்கும் நண்பரின் துணிக்குள் போய்ச் சிக்கும். கழற்றிய பிறகு கொஞ்சம் விழுந்து, விலகி, பிறகுதான் ரிசர்வ். ஓரிடத்தில் பாதுகாப்பாக இருக்கும் பொருள் இன்னொரு இடத்தில் ஆபத்தாகிவிடுகிறது.

சிக்கிவிட்டால் என்ன செய்வார்கள்?

இரண்டு வகைச் சிக்கல் உண்டு. ஒருவரின் துணி இன்னொருவரின் உடம்பில் போர்வை மாதிரி சுற்றிக்கொள்வது ஒன்று. கயிறும் கயிறும் பின்னிக்கொள்வது இன்னொன்று. விசாகப்பட்டினத்தில் வீடியோவில் தெரிந்தது இந்த மாதிரிப் பின்னல்தான்.

முதல் வேலை, உயரம் பார்ப்பது. அதைச் சத்தமாகச் சொல்வது. அடுத்து, யாருக்கு என்ன சிக்கியிருக்கிறது என்று இருவரும் சொல்லிக்கொள்வது. உயரம் இருந்தால் துணியைக் கையால் தள்ளிவிட முயற்சி செய்யலாம். முடியாவிட்டால் ஒருவர் தன் மெயினைக் கழற்ற வேண்டும். யார் முதலில் என்பது யார் எப்படிச் சிக்கியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒருவர் கழற்றும்போது அந்தத் துணி மற்றவரின் கழுத்தை இறுக்கிவிடக் கூடாது. அதனால் பேசி, இருவரும் ‘சரி’ என்ற பிறகே இழுக்க வேண்டும். பயத்தில் முந்திக்கொள்பவர் இரண்டு பேரையும் ஆபத்தில் தள்ளுவார்.

உயரம் இல்லையென்றால் கதையே மாறும். கழற்றினால் ரிசர்வ் விரிய நேரம் கிடைக்காது. அப்போது இருக்கிற துணியை விடாமல், ரிசர்வையும் சேர்த்து விரித்து, காற்றைப் பிடிக்கும் பரப்பை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்ட வேண்டும். பின்னிக்கிடந்தாலும் துணி துணிதான், வேகத்தைக் கொஞ்சமாவது குறைக்கும். இதற்காகத்தான் 2,500 அடிக்குக் கீழே புதிதாக யாரும் வந்து ஒட்டக்கூடாது என்று அமெரிக்க பாராசூட் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தியாவில் யார் செய்கிறார்கள்?

நம்மூரில் இதைப் பெரும்பாலும் ராணுவ உடையில்தான் பார்க்க முடியும். விமானப்படையின் ‘ஆகாஷ் கங்கா’ ஸ்கைடைவிங் குழு 1987-ல் தொடங்கப்பட்டது, ஆக்ராவை மையமாகக் கொண்டது. மூவர்ணப் பாராசூட்களில் ஒருவர்பின் ஒருவராக இறங்குவது இவர்களின் அடையாளம். 2024 அக்டோபர் 6-ம் தேதி சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சியின் பங்கேற்பாளர் பட்டியலிலும் இந்தக் குழு இருந்தது.

இவ்வளவு அனுபவம் உள்ளவர்களுக்கும் ஆபத்து விலகிவிடுவதில்லை. 2025 ஏப்ரலில் ஆக்ராவில் நடந்த ஒரு பயிற்சிக் குதிப்பில் இதே குழுவின் பயிற்சியாளர் ஒருவர் பாராசூட் கோளாறால் உயிரிழந்தார். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே அவருடைய வேலை.

பொதுமக்கள் பக்கம் வந்தால், தமிழ்நாட்டுக்கு ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. 2014 ஜனவரியில் சேலம் விமான நிலையத்தில் நடந்த ஸ்கைடைவிங் முகாமில் பெங்களூருவிலிருந்து வந்த இளம்பெண் ஒருவர் முதல்முறை குதித்தபோது பாராசூட் சரியாக விரியாமல் இறந்தார். அப்போது அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு ஸ்கைடைவிங் என்றாலே இன்றும் சேலம்தான் நினைவுக்கு வரும்.

இப்போது ஹரியானாவின் நார்னால் போன்ற இடங்களில் பயிற்சியாளரின் உடம்போடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் ‘டாண்டம்’ வசதி இருக்கிறது. இதில் பாராசூட்டைக் கையாள்வது பயிற்சியாளர்தான். சுற்றுலாவில் படகு இழுக்க மேலே போகும் பாராசெய்லிங் இதில் சேராது, அது வேறு.

ஆசைப்பட்டுப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் சில கேள்விகள் கேட்கலாம். விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி இருக்கிறதா? ரிசர்வைக் கடைசியாக மடித்தது எப்போது, யார்? அதற்கான அட்டை பையிலேயே இருக்கும், காட்டச் சொல்லலாம். தானியங்கிப் பெட்டி பொருத்தியிருக்கிறதா, ஆன் செய்திருக்கிறதா? காற்று அதிகமாக இருந்தால் குதிப்பை ரத்து செய்வார்களா, பணம் திரும்பக் கிடைக்குமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். பணத்தைத் திருப்பித் தரத் தயங்காத இடம்தான் காற்றடிக்கும் நாளில் விமானத்தைக் கிளப்பாமல் நிறுத்தும்.

கேனோபி ஃபார்மேஷன் கற்க வேண்டுமென்றால் அதற்கு முன் தனியாகப் பல குதிப்புகள் முடித்து, பாராசூட்டை நினைத்த இடத்துக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். முதல் பாடத்தில் வானத்தில் இரண்டே பேர்தான், மாணவரும் அனுபவசாலி ஒருவரும். அன்றைக்கு மாணவர் பெரும்பாலும் எதையும் பிடிக்க மாட்டார். பக்கத்தில் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், இடிக்காமல் பறந்துவிட்டு இறங்குவார். அவ்ளோதான்.